வீட்டில் பளு தூக்க எந்தத் தரை போதும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. முதல் மாடியில் 10-க்கு 12 அடி அறை, தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ், கீழே அப்பா அம்மா இருக்கிறார்கள். டெட்லிஃப்டில் (பாரைத் தரையிலிருந்து தொடை உயரத்துக்குத் தூக்கி நிமிர்வது) 120 கிலோவைத் தொட்டுவிட்டீர்கள், இப்போது கிளீன் அண்ட் ஜெர்க் (பாரைத் தரையிலிருந்து தோளுக்கு வாங்குவது கிளீன், அங்கிருந்து தலைக்கு மேல் தூக்குவது ஜெர்க்) பழக ஆசை. அறை முழுக்க ஜிம் ரப்பர் போட கடையில் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. கையில் இருப்பது 15,000 ரூபாய். ஃபோம் மேட் போதுமா, இல்லை மொட்டை மாடியில் ஷெட் போட்டு அங்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். எந்த மேட் வாங்குவது என்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: பார் எங்கே விழும், எவ்வளவு உயரத்திலிருந்து விழும். இவை தெளிவானால் அறை முழுக்க ரப்பர் வாங்கும் வேலையே இருக்காது.

நான் வேலூர்ப் பக்கம் பல வருடமாகப் பளுதூக்கும் பயிற்சி கொடுப்பவன். பள்ளிக்கூட அறைகளிலும், தெரிந்தவர் வீட்டு போர்ட்டிகோவிலும் குறைந்த செலவில் தளம் போட்டுக் கொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன். கட்டடப் பொறியாளன் இல்லை. உங்கள் வீட்டு ஸ்லாப் எதைத் தாங்கும் என்பதை நேரில் பார்த்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அந்த இடம் வரும்போது திரும்பவும் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 100 கிலோ பாரை கிளீன் செய்து, தோள் உயரத்திலிருந்து விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிளேட் தரையைத் தொடும்வரை அது சுமார் 1.2 மீட்டர் இறங்குகிறது. விழுந்த பின் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான் தரையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. பிளேட்டும் தரையும் சேர்ந்து 5 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கி நின்றால், நிற்கும் அந்த நொடித்துளியில் தரைமேல் வரும் சராசரி விசை பாரின் எடையைப் போல 240 மடங்கு, அதாவது 24 டன் பாரத்துக்குச் சமம். அதுவே 30 மில்லிமீட்டர் அமுங்கி நின்றால் 40 மடங்கு, 4 டன். இது சராசரி, உச்ச விசை இன்னும் கூடுதலாக இருக்கும். விழும் உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால் வரும் எளிய கணக்குதான், ஆனால் மேட் வாங்கும்போது வேறெதுவும் இவ்வளவு உதவாது. ரப்பரின் வேலை அந்த நிற்கும் தூரத்தைக் கூட்டுவது. பிளைவுட்டின் வேலை வந்த அடியை ஒரே புள்ளியில் இறங்கவிடாமல் அகலமாகப் பரப்புவது. இரண்டும் தேவை, ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

இதே கணக்கிலிருந்து செலவே இல்லாத ஒரு வழியும் கிடைக்கிறது. போட்டி விதிப்படி, நடுவர் இறக்கச் சொன்ன பிறகும் பாரைத் தலைக்கு மேலிருந்து அப்படியே போட்டுவிடக் கூடாது. தோள் மட்டத்தைத் தாண்டி இறங்கிய பிறகே பிடியை விடலாம். வீட்டிலும் அப்படியே பழகுங்கள். இன்னும் ஒரு படி மேலே போய், தோளிலிருந்து தொடைக்கு வாங்கி, தொடையிலிருந்து தரைக்கு வைக்கக் கற்றுக்கொண்டால் விழும் உயரம் பாதிக்கும் கீழே போகும். தூக்க முடியாமல் தவறவிடும் ஜெர்க்கும், தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சும்தான் தலைக்கு மேலிருந்து நேரே வரும். அவற்றைத் தடுக்க முடியாது. எனவே தளம் அவற்றுக்காகத்தான்.

இப்போது எங்கே விழும் என்பது. ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ எடை. இரண்டு பக்கமும் பிளேட் மாட்டும் பகுதிக்கு நடுவே இருக்கும் தூரம் 1.31 மீட்டர். பெண்களுக்கான 15 கிலோ பாரின் மொத்த நீளம் 2.01 மீட்டர்தான் என்றாலும் இந்த நடு இடைவெளி அதேதான். பிளைவுட் ஒரு ஷீட் 8-க்கு 4 அடி. 4 அடி என்பது 1.22 மீட்டர். ஆக ஒரு முழு ஷீட்டை நடுவில் நீளவாக்கில் போட்டு அதன்மேல் நின்றால், இரு பக்கப் பிளேட்டும் ஷீட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு பக்கத்துக்கு நாலரை சென்டிமீட்டர் தள்ளி இறங்கும். கால் நிற்கும் இடம் கெட்டி மரம், பிளேட் விழும் இடம் ரப்பர். வீட்டுத் தளங்கள் பெரும்பாலும் 8-க்கு 8 அடியாக இருப்பதற்குக் காரணம் இந்தப் பொருத்தம்தான். போட்டி மேடை 4-க்கு 4 மீட்டர் என்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அது முன்னும் பின்னும் நடந்து சமாளிப்பதற்கான இடம். 28 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள பிளேட் மாட்டும் வீட்டு ராடு வைத்திருந்தால் இந்த அளவு எதுவும் பொருந்தாது. டேப் வைத்து உங்கள் ராடின் உள் இடைவெளியை அளந்துவிட்டு மரத்தை வெட்டுங்கள்.

உங்கள் அறை 120 சதுர அடி. பிளேட் விழும் பகுதி பக்கத்துக்கு 2 அடி அகலம், ஆறரை அடி நீளம் போதும். இரண்டு பக்கமும் சேர்ந்து 26 சதுர அடி. கடைக்காரர் 120 அடிக்கு விலை சொல்கிறார், உங்களுக்குத் தடித்த ரப்பர் வேண்டியது 26 அடிக்கு. பெஞ்ச் போடும் மூலைக்கும், டம்பெல் வைக்கும் இடத்துக்கும் 8 முதல் 10 மில்லிமீட்டர் ரப்பர் ஒரு துண்டு இருந்தால் போதும், அதுகூடப் பிறகு வாங்கலாம்.

ஃபோம் மேட்டைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை: பளு தூக்க அது கூடாது. ஒன்றோடு ஒன்று கோத்துப் போடும் அந்த மெத்தைத் துண்டுகள் யோகாவுக்கும் தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிக்கும் நல்லவை. முதுகில் 100 கிலோவோடு அதன்மேல் நின்றால் குதிகால் ஒரு பக்கம் அமுங்கும், கணுக்கால் ஆடும். பளுதூக்கும் ஷூவின் குதியைக் கெட்டியாகச் செய்வது கால் அமுங்கக் கூடாது என்பதற்காக. அதைப் போட்டுக்கொண்டு ஃபோம் மேல் நிற்பதில் அர்த்தமில்லை. பிளேட் விழுந்தால் ஒரு மாதத்தில் பள்ளம் விழுந்து கிழியும்.

டயர் தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்யும் ரப்பர் டைல் இரண்டு வகையில் வருகிறது, பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பூங்காவில் குழந்தைகள் விழுந்தால் அடிபடாமலிருக்க 40, 50 மில்லிமீட்டர் தடிமனில் வருவது தளர்வாக அழுத்தப்பட்டது. பிளேட் விழுந்தால் உதிரும். ஜிம்முக்கு உள்ளது அடர்த்தியானது. கடையில் ஒரு ஓரத்தை மடக்கிப் பாருங்கள், விரிசல் விட்டு மணி மணியாகக் கொட்டினால் வேண்டாம். வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கரி அப்பிக்கொண்டு வந்தால் அதுவும் வேண்டாம்.

என் கைக்கு எப்போதும் கட்டுப்படியாவது மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் ரப்பர் மேட்தான். பால் பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் கவ் மேட் என்று கேட்டால் தருவார்கள். பல கம்பெனிகள் போடும் அளவு ஆறரைக்கு 4 அடி, தடிமன் 15 மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே. ஒரு மாடு படுத்து எழுந்து குளம்பால் மிதித்தாலும் கிழியக் கூடாது என்று செய்த பொருள், அதனால் அடி தாங்கும். ஒரு மேட்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் 2 அடி அகலத்தில் இரண்டு பட்டை. உங்கள் இரு பக்கமும் முடிந்தது. அதே கடையில் மெல்லிய மலிவு மேட்டும், ஃபோம் கலந்த இலகு மேட்டும் இருக்கும், அவற்றை எடுக்காதீர்கள். கையால் தூக்கிப் பாருங்கள்: 15 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கெட்டி ரப்பர் மேட் ஒன்று 40 கிலோவுக்கு மேல் கனக்க வேண்டும். ஒரே ஆள் சுலபமாகச் சுருட்டித் தோளில் போட முடிந்தால் அது நமக்கான மேட் அல்ல. வெட்டுவது கஷ்டமில்லை. கொத்தனார் வைத்திருக்கும் அலுமினிய மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு, புது பிளேடு போட்ட கட்டர் கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரே கோட்டில் நாலைந்து முறை இழுங்கள். மேட்டுக்கு அடியில் ஒரு ரீப்பர் கட்டையைச் செருகினால் வெட்டு வாய் திறந்துகொள்ளும், கத்தி சிக்காது.

குவாரி, கிரஷர் பக்கம் கழித்துப் போடும் கன்வேயர் பெல்ட்டும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். கிழியாது, வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் உள்ளே துணி அடுக்கு இருப்பதால் அமுங்காது. மேற்சொன்ன நிற்கும் தூரத்தை அது கூட்டுவதில்லை. மேட்டின்மேல் போடும் தோலாக அது நல்லது, தனியாகப் போதாது. உள்ளே இரும்புக் கம்பி வைத்த பெல்ட் ஒன்று உண்டு, வெட்டிய ஓரத்தில் கம்பி நீட்டிக்கொண்டு காலைக் கிழிக்கும், அதைத் தொடாதீர்கள். பழைய கார் டயரைப் படுக்கப்போட்டு அதன்மேல் பாரைப் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அடி குறையும் என்பது உண்மை. பார் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது, சின்ன அறையில் முழங்காலுக்கு ஆபத்து. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தளம் கட்டும் முறை இது. அடியில் 12 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு ஷீட் பக்கம் பக்கமாக, 8-க்கு 8. அதன்மேல் நடுவில் 18 மில்லிமீட்டர் ஷீட் ஒன்று, கீழே உள்ள இணைப்பு இதன் நடுவில் மறைவதுபோலப் போடாமல் குறுக்கே வருவதுபோலத் திருப்பிப் போடுங்கள். அப்போதுதான் இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இருபுறமும் ரப்பர் பட்டை. ஸ்க்ரூ தலை மரத்துக்குள் இறங்கும்படி துளையிட்டு மேலிருந்து முடுக்குங்கள். 30 மில்லிமீட்டர் மொத்தத் தடிமனுக்கு 25 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போதும், டைல்ஸைத் தொடாது. ரப்பர் மரத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் தொந்தரவில்லை. உயர்ந்திருந்தால் ஜெர்க்கில் கால் பிரிக்கும்போது இடறும்.

பிளைவுட்டில் அடி அடுக்குக்குச் சென்ட்ரிங் வேலையில் பயன்படுத்திய ஷட்டரிங் ஷீட் பழையதாகக் கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம், அடுக்கு பிரியாமல் இருக்கிறதா என்று ஓரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதன் வழவழப்பான முகத்தை மேலே கால் வைக்கும் இடத்தில் போடாதீர்கள், வியர்வை சொட்டினால் வழுக்கும். மேல் ஷீட் ஓரளவு ஈரம் தாங்கும் சாதாரண எம்.ஆர். ரகமே போதும், மாடி அறைக்கு மரைன் பிளை வாங்குவது வீண் செலவு. தரைத்தளமானால் கதை வேறு. அங்கே ஈரமும் கரையானும் சேர்ந்து வரும். பழைய ஃபிளெக்ஸ் பேனரை அடியில் விரித்து, பிளைவுட்டின் அடிப்பக்கத்திலும் ஓரங்களிலும் கரையான் மருந்து அடித்துக் காயவிட்டுப் போடுங்கள். வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். மரத்தூளையும் மரநாரையும் பசை போட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் விலை குறைவு என்று ஆசை காட்டும். ஒரு ஐப்பசி மழை ஈரத்தில் ஊதிப்போகும்.

பிளேட்டைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் தரைச் செலவை அதுதான் முடிவு செய்கிறது. 450 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் பம்பர் பிளேட் தானே அமுங்கி அடியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். இரும்புப் பிளேட் அமுங்காது, அதன் மெல்லிய விளிம்பு ரப்பரை வெட்டும், பாரின் பேரிங்கும் அடிபடும். சிமென்ட் அடைத்த பிவிசி பிளேட்டை எந்தத் தரையிலும் போடக் கூடாது, உடைந்துவிடும். உங்களிடம் இரும்புதான் இருக்கிறது என்றால், இந்த 15,000-இல் எல்லாவற்றையும் தரையில் கொட்டாமல் ஒரு ஜோடி 10 கிலோ பம்பருக்கு ஒதுக்கப் பாருங்கள். கிளீனும் ஜெர்க்கும் கற்கும் காலத்தில் 40 கிலோ பார்தான் அதிகம் விழும். 120 கிலோ டெட்லிஃப்டை இரும்பிலேயே செய்யலாம், கையோடு இறக்கி வைப்பதாக இருந்தால்.

இனி இடம். முதல் மாடியில் செய்யலாமா? நிற்கும் பாரம் பெரிய பிரச்சினை இல்லை என்று கணக்கு சொல்கிறது. தளம் 160 கிலோ, பார் 120, நீங்கள் 75 என்று வைத்தால் மொத்தம் 355; அது ஏறக்குறைய 6 சதுர மீட்டரில் பரவுகிறது, சதுர மீட்டருக்கு சுமார் 60 கிலோ. குடியிருப்பு அறைக்கு ஐ.எஸ். 875 (கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தரநிலை) கணக்கில் எடுக்கச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், சுமார் 200 கிலோ. பீரோவும் கட்டிலும் போட்ட அறை இதைவிடக் கனமாக இருக்கலாம். மேலிருந்து விழும் அடி இந்தக் கணக்கில் வராது. அதை உங்கள் ஸ்லாப் எப்படி வாங்கும் என்பது கம்பி, தடிமன், வயது, பீம் எங்கே போகிறது என்பதையெல்லாம் பொறுத்தது. பொறியாளர் பார்க்க வேண்டும் என்று முன்பே சொன்னது இதற்குத்தான். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது: மாடி அறையில் டெட்லிஃப்ட், ஸ்க்வாட், பெஞ்ச் செய்யலாம், பாரைப் போடக் கூடாது. கீழே இருப்பவர்களுக்கும் அதுவே நல்லது. ரப்பர் ‘டங்’ என்ற உலோகச் சத்தத்தை நன்றாகக் குறைக்கும். கட்டடத்தின் வழியே இறங்கும் அந்தக் கனத்த ‘தும்’ அவ்வளவாகக் குறையாது. எத்தனை அடுக்கு போட்டாலும் கீழ் அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார்.

டைல்ஸைப் பற்றி ஒரு சோதனை. ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு டைலின் நாலு மூலையையும் தட்டிக் கேளுங்கள். அடியில் கலவை நிரம்பாமல் காலியாக இருக்கும் மூலை வேறு சத்தம் கொடுக்கும், அந்த இடம்தான் முதலில் உடையும். பிளேட் பட்டை அந்த டைலின்மேல் வராதபடி தளத்தை நகர்த்திப் போடுங்கள்.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். நம்மூர் மாடியில் ஸ்லாபுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்ட அடுக்கும், அதற்கு மேல் தட்டு ஓடும் இருக்கும். வெயிலையும் மழையையும் தடுக்கப் போட்டது அது, அடி வாங்கப் போட்டதல்ல. பார் நாலு முறை விழுந்தாலே ஓட்டின் இணைப்பில் கோடு விடும். அடுத்த மழையில் தண்ணீர் அதன் வழியே இறங்கும், ஒழுகுவது தெரியும்போது கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். ஷெட்டுக்கான செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

கிளீன் அண்ட் ஜெர்க் உண்மையாகவே பழக வேண்டுமென்றால் போர்ட்டிகோதான் சரியான இடம். அடியில் மண் நிரப்பி, அதன்மேல் கான்கிரீட் போட்ட தரை. அடி நேரே மண்ணுக்குப் போகும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: பல வீடுகளில் தண்ணீர்ச் சம்பும், சில வீடுகளில் செப்டிக் டேங்கும் போர்ட்டிகோவுக்கு அடியில்தான் இருக்கின்றன. மூடி தெரியும், டேங்கின் எல்லை வெளியே தெரியாது. வீடு கட்டிய மேஸ்திரியையோ அப்பாவையோ கேட்டு, நாலு சுவரும் எங்கே வருகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டு, தளத்தை அதற்கு வெளியே வையுங்கள். கார் நிற்கும் இடமாயிற்றே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். கார் அங்கே உருண்டு வருகிறது, மேலிருந்து விழுவதில்லை.

ரப்பர் நாற்றத்தைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். புது மேட்டை வாரம் பத்து நாள் நிழலில் காற்றாட நிறுத்தி வைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். டயர் தூள் உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ஜன்னல் திறக்காத அறையில் நான் அதைப் போட மாட்டேன், அவ்வளவுதான் என் நிலை. வினைல் தரைமேல் ரப்பர் நேராகப் பட்டால் பழுப்புக் கறை பிடிக்கும், அது போகாது. விட்ரிஃபைடில் அந்தப் பயம் குறைவு, உங்கள் தளத்தில் நடுவே பிளைவுட் இருப்பதால் கேள்வியே எழாது.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: ஒரு கவ் மேட், அடிக்கு இரண்டு பழைய ஷட்டரிங் ஷீட், மேலே ஒரு புது 18 மில்லிமீட்டர் ஷீட், ஸ்க்ரூ, கரையான் மருந்து. விலை ஊருக்கு ஊர் மாறும். நான் பார்த்தவரை இவ்வளவும் உங்கள் தொகைக்குள் அடங்கி, பம்பருக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஜெர்க் 80 கிலோவைத் தாண்டும்போது இன்னொரு மேட் வாங்கி, அதே அளவில் வெட்டி, பழைய பட்டையின்மேல் போடுங்கள். அப்போது நடு மரத்தையும் ஒரு ஷீட் உயர்த்த வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் வாங்க வேண்டாம்.